தோளில் விட்டுவைத்த கை

அந்தக் கையை அங்கே விட்டுவைத்தது நீங்கள்தான், சார். கழக்கூட்டம் ஜங்ஷனில் உங்கள் விளம்பர நிறுவனத்தின் வாசலில் அக்காவுக்கு அஞ்சலி என்று ஒரு ஃபிளெக்ஸ் கட்டினீர்கள். அதில் அவள் தோள்மேல் தங்க நிறக் கைக்கடிகாரம் கட்டிய ஒரு கை இருக்கிறது. உங்கள் கை. படத்தில் நின்ற மற்ற எல்லோரையும் வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டிருக்கிறீர்கள். அவள் பெயரைவிட உங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. ஆரியசாலையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. இரண்டு பேர் குடும்பமும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவை. இந்த மலையாள ஊரில் ஒருவர் காலையில் இறந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முக்கில் அவர் படம் நிற்க வேண்டும். வீட்டார் கொண்டு வருவது பெரும்பாலும் கல்யாண வீட்டில் கும்பலாக எடுத்த படம். அதிலிருந்து ஆளை வெட்டி எடுப்போம். பக்கத்தில் நின்றவரின் கை தோளில் மிச்சமாகிவிடும். சட்டை நிறத்தைப் பூசி அதை அழித்துவிடுவதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். அக்கா மட்டும் அழிப்பதற்கு முன் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, "இது ஆருக்க கை?" என்று கேட்பாள். மனைவியின் கை, மகளின் கை என்று சொன்னால், "அப்ப இருக்கட்டும்" என்பாள். வந்தவர்கள் அங்கேயே நின்று அழுவார்கள். கடை முதலாளி எரிச்சலாவார்.

"நீ படம் செய்யுதியா, போலீஸ் விசாரணை நடத்துதியா?"

"ஒமக்க கை வந்தா கேக்காமலே அழிச்சிருதேன் அண்ணாச்சி, கவலப்படாதியும்."

நீங்கள் எங்கள் இரண்டு பேரையும்தான் உங்கள் நிறுவனத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டீர்கள். நான் வரவில்லை. நான் செய்தது அன்றைக்கே தெருவில் நிற்கிறது, பஸ்ஸுக்கு நிற்பவன் நிமிர்ந்து பார்க்கிறான். எனக்கு அது போதும். அக்காவுக்குப் போதவில்லை. "ஒரு மழ பெஞ்சா நம்ம வேலய மாட்டுத் தொழுவத்துக்கு மேல கட்டிருவானுவ மக்கா. நான் வரச்சது ஒண்ணாவது நெலச்சு நிக்கணும்" என்றாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதில் என்ன தப்பு?

உங்களிடம் சேர்ந்த பின் அந்தத் தேயிலைக் கம்பெனிக்காக அவள் லோகோ வரைந்த இடத்தில் நான் இருந்தேன். எங்கள் கடைக்கு எதிரே உள்ள டீக்கடை. ஒரு விடுமுறை நாளில் என்னைப் பார்க்க வந்திருந்தாள். மாஸ்டர் டீயை ஆற்றும்போது ஒரு குவளையிலிருந்து மற்றதற்கு நீண்டு விழும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா ஆத்தும் சேட்டா" என்று திரும்பத் திரும்ப ஆற்றச் சொன்னாள். அவர், "டீ குடிக்கான் வந்ததா, சினிமா காணான் வந்ததா?" என்று கேலி செய்தார். எங்கள் கடைக்குள் ஓடி, கழிவு ஃபிளெக்ஸின் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் ஒரே இழுப்பில் வளைத்தாள். இன்று பஸ்களின் முதுகிலெல்லாம் போகிறதே, அந்த வளைவுதான்.

அதற்கு விருது வந்தது. மேடையில் எல்லோரும் நின்று படம் எடுத்தபோது அவள் தோளில் கை போட்டீர்கள். பிறகு பத்திரிகையில் பேட்டி கொடுத்தீர்கள். பொன்முடிக்குக் கார் ஓட்டிப் போகையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்த வடிவம் உங்களுக்குத் தோன்றியதாம். அக்கா அதை ஆபீசில் எல்லோர் முன்னாலும் உங்களிடம் கேட்டிருக்கிறாள். "சேச்சி, இது டீம் வர்க் அல்லே?" என்று சிரித்தீர்களாம். அவள் வேலையை விட்டாள்.

டிசைனருக்குக் கையில் இருப்பது அதுவரை செய்த வேலை மட்டும்தான். அதைக் காட்டித்தான் அடுத்த வாசலைத் தட்ட முடியும். அவள் போன இடத்திலெல்லாம் அந்த வளைவைக் கண்டதும், "இது ஆ சாரின்றெ லோகோ அல்லே?" என்று உங்களைச் சொல்லிக் கேட்டுத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில் அதைத் தன் ஃபைலிலிருந்து அவளே எடுத்துவிட்டாள். அப்படியும் வேலை கிடைக்கவில்லை. ஆரியசாலைக்கே திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாளி பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மனைவி கையோ மகள் கையோ, பார்க்காமலே அழித்தாள். எனக்கு நெஞ்சு உடைந்தது அப்போதுதான். காய்ச்சலில் விழுந்து அவள் செத்தது அதற்குப் பிறகு.

அக்காவின் அம்மா போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "அவ படமே எடுக்க விடமாட்டா. இது ஒண்ணுதான் கெடக்கு மக்கா." அந்த விருது மேடைப் படம். வெட்டினேன். கை மிச்சமானது. எனக்குத் தெரியும் யார் கை என்று. இருந்தும் திரையைத் திருப்பினேன்.

"இது ஆருக்க கை, அம்மா?"

"அவளுக்க சாருக்க கை" என்றார். திரையை என் பக்கமே திருப்பி வைத்தார். "அழிச்சிரு."

அழித்தேன். அந்தத் தோளைப் புதிதாக வரைந்தேன், சேலை மடிப்போடு. என் வேலையில் நான் இவ்வளவு கவனமாக வேறெதையும் செய்ததில்லை. மறுநாள், நீங்களும் ஒன்று கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுக் கழக்கூட்டம் வந்தேன். உங்கள் வாசலில் அதே படம், கையோடு. இன்னும் தொங்குகிறது.

எனக்கு போன் செய்ய வேண்டாம், சார். அவள் அம்மாவைப் பார்க்கவும் வர வேண்டாம். பேட்டி கொடுத்தீர்களே, அதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில், ஊரறியப் பதில் சொல்லுங்கள். அந்த வளைவை வரைந்தது யார்?