ரொட்டி வாங்காமல் திரும்பியவர்கள்

என் அக்கா மேலாண்மைப் பொருளியலில் ஆராய்ச்சி செய்பவள். ஒரு தொழிற்சாலை எவ்வளவு செய்ய வேண்டும், எந்த விலைக்கு விற்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று முதலாளிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு. குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கும் எனக்கு அது வேலையில்லாதவர்களின் வேலையாகத்தான் தெரிந்தது. எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் வீட்டில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்று பெயர்.

ஏழு வருடம் அவள் கட்டிக்கொண்டு அழுதது ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் விற்பனைப் பதிவேடுகளை. மாலையில் நாற்பது ரொட்டிக்கு மேல் போவதில்லை, அதற்காக அடுப்பு எரிப்பது வீண் என்று கண்டுபிடித்தாள். கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அந்தக் கட்டுரைதான் அவளுடைய ஒரே பலம். தொழிற்சாலை மேலாளரும் அவள் பேச்சை நம்பி, மாலை வேலையாட்கள் ஆறு பேரையும் மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஒரு நாள், அதே தொழிற்சாலையின் கடைக்கு இருவரும் ரொட்டி வாங்கப் போனோம். மணி ஐந்தரை. தட்டு காலி.

"தீந்துடுச்சு சார், நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கு எரிச்சல். "இந்த நேரத்துக்கே இல்லையா? என்ன கடை நடத்துறீங்க?" என்று கத்தினேன். பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்து, தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அடுத்து ஒரு பஸ் டிரைவர். அக்கா அசையாமல் நின்றாள்.

"என்னாச்சு?"

"இவங்க யாரும் என் கணக்குல இல்லடா. வித்தது மட்டும்தான் பதிவேட்டுல இருக்கும். கேட்டுட்டுத் திரும்பிப் போனவங்கள யாரு எழுதுவா?"

நேற்று நாற்பது விற்றதால் இன்றும் நாற்பதுதான் சுட்டிருக்கிறார்கள். நாற்பது சுட்டதால் நாற்பதுதான் விற்றிருக்கிறது. விற்றதையே தேவை என்று அவள் எடுத்துக்கொண்டாள். படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. கடைக்குப் போன யாருக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் எதிர்ப்புற நடைபாதையில் நின்றாள். வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு கோடு. மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் அவளுக்குப் பதிலாக நான் நின்றேன். அரை மணி நேரத்தில் கால் கடுத்து டீக்கடைக்குப் போய்விட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஒரு நாளைக்குச் சராசரியாக ஐம்பத்தேழு பேர் திரும்பினார்கள். ஒரு காலி தட்டின் முன்னால் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பயமாகக்கூட இருந்தது. பூச்சு உதிர்ந்த ஒரு கடை வாசலுக்குள் இவ்வளவு ஒளிந்திருந்தால், ஊரில் இன்னும் எத்தனை இருக்கும்?

கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறாள் என்று தெரிந்ததும் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி வீட்டுக்கே வந்தார். "நேர்காணல் முடியட்டும்மா. அப்புறம் திருத்திக்கலாம். இப்ப வாபஸ் வாங்கினா பதவி போயிடும்."

"அந்த ஆறு பேருக்கு மாசக் கடைசி அதுக்கு முன்னாடியே வந்துடும் சார்" என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் அன்றே போய்விட்டது. அடுத்த மாதம் நேர்காணலுக்கு அவளைக் கூப்பிடவே இல்லை. எனக்கு வயிறெரிந்தது, இன்றும் எரிகிறது.

கடிதம் அனுப்பிய மறுநாளே அதன் நகலோடு தொழிற்சாலைக்குப் போனோம். மேலாளர் இரண்டு முறை படித்தார். "சரி, அடுப்பு எரியட்டும். நூறு சுடச் சொல்றேன். அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். அதோடு கிளம்பியிருக்கலாம். அக்கா நேரே அடுப்பறைக்குள் போனாள். மாவு படிந்த கைகளோடு ஆறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது.

"உங்க வேலை தேவையில்லன்னு எழுதினது நான்தான். என் கணக்கு தப்பு. மன்னிச்சிடுங்க."

என் அக்காவா இவள் என்று பார்த்தேன். பெருமையில் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

யாரும் கோபப்படவில்லை. மாவு பிசைபவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப ஒண்ணாம் தேதி வேலைக்கு வரலாமாம்மா?"

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவள், வரலாம் என்று தலையை ஆட்டினாள்.