ஓரகத்திகள் ஒளித்த பிள்ளை

சலவைக்கடையில் இஸ்திரி போடும் இளையவளுக்குத் தன் ஓரகத்தியைக் கண்டாலே வயிறு எரியும். ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்து அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தன. வெளிச்சமான பாதி மூத்தவளுக்கு. தையல் மிஷினும் அவளுக்குத்தான். "பெரியவ கை பட்டா கந்தலும் பட்டாகும்" என்று தெருவே மெச்சும். பிள்ளை மட்டும் இருவருக்குமே இல்லை. அந்த ஒன்றில்தான் இளையவளுக்கு நிம்மதி.

அந்த ஆண்டு ஒரு சனத்தாரை மட்டும் வீடு புகுந்து பிடித்து லாரியில் ஏற்றினார்கள். ஒளித்து வைப்பவரையும் சுடுவோம் என்று ஒலிபெருக்கி அலறியது. ஆண்கள் இருவரும் சுரங்க வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மத்தியானம், பலகைக்கு அந்தப்பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம். இளையவளுக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

நேரே போய் நின்றாள். துணிக்குவியலுக்குப் பின்னால், எதிர்வீட்டுக் கடிகாரக்காரரின் சின்ன மகள். பிடிபடுமுன் தாய் கொல்லைக்கதவைத் தட்டி, குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

மூத்தவள் வெளிறிப்போனாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"சொல்லுவேன்னுதானே மறைச்ச? பக்கத்துலயே என் கதவும் இருந்துச்சு. அதைத் தட்ட அவளுக்குத் தோணலியே அக்கா!" "பகல்ல நீ வச்சுக்க. சாயங்காலம் எனக்குக் குடு."

"மாட்டினா உயிரு போயிடும்டி."

"உனக்கு மட்டும் ரெண்டு உயிரா இருக்கு?"

ஒரு விடுமுறைக் காலையில் இளையவள் குழந்தையைத் திருப்பித் தரவில்லை. மூத்தவள் பலகையைத் தட்டத் தட்ட, "இப்பதான் தூங்குது" என்று புளுகினாள். அப்போதுதான் சிப்பாய்கள் வந்தார்கள். மூத்தவள் பக்கத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு இந்தப்பக்கம் நுழைந்தார்கள். ஒளிக்க நேரமில்லை. இளையவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"யாரு பிள்ளை?"

"நான் பெத்தது."

சிப்பாய் மூத்தவளைப் பார்த்தான். "அவளோடதுதான்" என்றாள் மூத்தவள். "எனக்குத்தான் குடுத்து வைக்கல."

துப்பாக்கி முன்னால் நின்ற அந்த நேரத்திலும், அந்தச் சொல் இளையவளுக்குத் தேனாய் இனித்தது.

ஆட்சி கவிழ்ந்தபின் தாய் மட்டும் திரும்பி வந்தாள், எலும்பும் தோலுமாக. வந்ததும் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னை விடும்மா. துப்பாக்கி முன்னால, பெத்தவ நான்தான்னு நின்னது இவ" என்றாள் மூத்தவள்.

தாய் இளையவளைக் கட்டிக்கொண்டாள். குழந்தையோ மூத்தவளின் கழுத்தை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் இளையவள் அன்று சீக்கிரமே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.