ஒரே இடத்தில் நிற்காதவர் என்று பெயர் வாங்கிய எங்கள் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தம்பி காலையிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டான். நான் மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துவிட்டேன். அப்பாவைப் பற்றி நல்லதாக எழுத விஷயமா இல்லை? நிறையவே இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால், சொல்லாமல் விட்ட ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் கை ஓடுகிறது.

அப்பா பிறந்தது செங்கம் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு கிணற்றை நம்பி ஒன்றரை ஏக்கர், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேழ்வரகும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்த வருடம் கிணறும் வற்றியது. தொண்ணூற்றொன்றில் அம்மாவையும், பத்து வயது என்னையும், கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறினார். நீலசந்திராவில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பிளம்பராக இருந்தார். அப்பாவைக் கட்டட வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

வேலை என்றால் காவலும் தண்ணீர் விடுவதும். தளம் போட்ட மறுநாள் அதன்மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு எடுத்துத் தண்ணீர் நிறுத்த வேண்டும். அப்பா அதைப் பாத்தி கட்டுவது என்றுதான் சொல்வார். ஊரில் செய்த வேலையையே இங்கே சிமெண்டுக்குச் செய்தார். வந்த வருடக் கடைசியில் காவிரிக் கலவரம். கூட வேலை செய்தவர்கள் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பா அசையவில்லை.

"தளம் போட்டு மூணு நாள்தான் ஆவுது. நான் போயிட்டா யாரு தண்ணி வுடுவா?"

அப்பா வேலை பார்த்த வீட்டின் ஓனர் அம்மா கன்னடக்காரர். எங்கள் நால்வரையும் ஒரு வாரம் தம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார். அந்த வாரமும் தளம் காயவில்லை.

கட்டடம் முடிகிற வரை அதற்குள்ளேயோ பக்கத்துத் தகரக் கொட்டகையிலோ குடியிருப்போம். கிரகப்பிரவேசத்துக்கு வேட்டி சேலை கொடுப்பார்கள். மறுநாள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போவோம். ஐந்து வருடத்தில் ஒன்பது வீடு. வீடு எங்கே மாறினாலும் என் பள்ளிக்கூடத்தை மட்டும் அப்பா மாற்றவிடவில்லை. ஜெயநகரோ கோரமங்களாவோ, சைக்கிளில் உட்கார வைத்து நீலசந்திராவுக்குக் கொண்டுவந்து விடுவார். ஒருநாள்கூட மணி அடித்த பிறகு நான் போனதில்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது மாமா ஒரு நல்ல காரியம் செய்தார். தான் பிளம்பிங் பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரியைப் பல மாதம் சுற்றிச் சுற்றி வந்து, அப்பாவுக்கு அங்கே நிரந்தர வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை, கரண்ட், குழாய். கதவு வைத்த கக்கூஸைப் பார்த்து அம்மா அழுதார். அப்பா சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் செடி வைத்தார். ஐந்தாவது மாதம் வேலையை விட்டுவிட்டார்.

"ஒரே எடத்துல குந்திகினு இருந்தா எனக்கு ஒடம்புக்கு ஒத்துக்கல மச்சான்" என்றார் மாமாவிடம்.

மாமா அம்மாவைப் பார்த்து, "உன் வூட்டுக்காரனுக்குக் கால்ல சக்கரம் கட்டி வுட்டிருக்குது. இனிமே நீயாச்சு, அவனாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். செக்ரட்டரி முன்னால் அவருக்குத் தலைகுனிவு. அதன் பிறகு அப்பாவோடு பேச்சில்லை. நாங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். இரண்டு மழைக்காலம் அம்மா அங்கே ஒழுகும் கூரைக்குக் கீழே சமைத்தார். வாய் ஓயாமல் அப்பாவைத் திட்டினார். அப்பா எதிர்ப்பேச்சு பேசவில்லை.

இதுவரை உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தெரியாததை இனிமேல் எழுதுகிறேன்.

என் அப்பா பில்டிங் கான்ட்ராக்டர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு என் வகுப்புப் பெண் ஒருத்தி குடி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் காரை என் அப்பா கழுவிக்கொண்டிருந்ததையும், நான் பக்கெட்டில் தண்ணீர் கொண்டு போனதையும் பார்த்துவிட்டாள். அவள் கேலிகூடச் செய்யவில்லை. மறுநாள், "அவர்தான் உங்கப்பாவா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றேன்.

"நான் இனிமே இஸ்கூலுக்குப் போவமாட்டேன்."

"யாருன்னா இன்னான்னா சொன்னாங்களா?"

"நீ இங்க வாட்ச்மேனா இருந்தா நான் போவமாட்டேன்."

அப்பா குழாயை மூடினார். என்னைத் திட்டவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. "அம்மாகிட்ட சொல்லாத. நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்த மாதக் கடைசியில் செக்ரட்டரியிடம் சாவியைக் கொடுத்தார்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆனது. தாய்மாமன் நின்று செய்ய வேண்டிய கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. முகூர்த்தம் முடிகிற வரை அப்பா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மணவறையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கடைசி மூன்று மாதம் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்காருவார். ஒருநாள் முதுகை நீவிவிட்டுக்கொண்டே, "மாமாகிட்ட சொல்லிடட்டாப்பா?" என்று கேட்டேன்.

"வுடு. உங்க மாமன் கோவக்காரன். உன்னிய பேசிப்புடுவான். என்னியன்னா பேசிட்டுப் போறான்."

அப்பா இறந்த அன்று மாமா கோடித் துணி எடுத்துக்கொண்டு வந்தார். "கடைசி வரைக்கும் ஒரு எடத்துல நிக்கலயே மாப்ள" என்று சொல்லி அழுதார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். "வாயில்லாத மனுசன வாய் ஓயாம திட்டினேனேடி" என்றார். பிறகு, "எங்க அண்ணனுக்கு நீயே சொல்லு" என்றார். போனை எடுத்து எடுத்து வைத்தேன். தைரியம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், கூடவே இருந்து தூக்கி இறக்கிய தம்பியின் நண்பர்களுக்கும், செங்கத்திலிருந்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், எங்களை ஒரு வாரம் வைத்துக் காத்த அந்த ஓனர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா, நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அந்த இரண்டு அறையில் சாகும் வரை இருந்திருப்பார். அவரை அங்கிருந்து கிளப்பியவள் நான். திவசத்தன்று நீங்கள் வந்ததும் உங்கள் எதிரில் வந்து நிற்பேன். அப்பா பயந்த அந்தப் பேச்சை என்னைப் பேசுங்கள் மாமா.