டி தனி, எச் தனி

என் நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் கீழ், கோணல் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘பேருந்து நிலையம், காலை. டி தனி, எச் தனி. சேரவில்லை.’

இரண்டு எழுத்துகள் கூடி ஒரே ஒலியாவதைப் பற்றிக் குறிப்பெடுப்பது என் பல வருடப் பழக்கம். ஆங்கிலத்தில், ‘தேங்க்ஸ்’ என்பதில்போல, டியும் எச்சும் கூடினால் இரண்டும் தம் ஒலியை இழந்து மூன்றாவது ஒன்று பிறக்கிறது. வெல்ஷ் மொழிக்காரர்களுக்கு இரட்டை எல் ஒரே எழுத்து. குறுக்கெழுத்தில் அதற்கு ஒரே கட்டம். ஸ்பானிய அகராதிகளில் சியும் எச்சும் சேர்ந்த ஜோடிக்குச் சில பத்தாண்டுகள் முன்புவரை தனிப் பகுதி இருந்தது. நாமும் ‘ஃபேன்’ என்று எழுத, பகரத்துக்கு முன்னால் ஆய்தத்தை நிறுத்துகிறோம்.

அன்று அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணம். மனைவியோடு பேருந்துக்கு நின்றிருந்தேன். வண்டி வந்தது. பலகையில் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. ஊர்ப்பெயர் மட்டும் வரவில்லை. எதிரே ஒரு கடையின் ஆங்கிலப் பலகை. அதிலும் டி இருந்தது, எச் இருந்தது, பக்கத்துப் பக்கத்தில், அந்நியர்கள்போல. பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து அந்த வரியை எழுதினேன். எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

“இன்னாங்க, பஸ்ஸு போவுது. வேடிக்க பாத்துகினு நிக்கிறீங்க?”

“எனக்குப் படிக்க வரல,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் தம்பிக்குப் போன் போட்டாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து அவன் ஆட்டோவோடு வந்தான். அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

“எந்தெந்த நாட்டு எழுத்தோ பாடம் எடுத்தீங்களே பாவா, நம்ம ஊரு போர்டு மக்கர் பண்ணுதா?” என்றான், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. வண்டியை இன்னும் வேகமாக விட்டான்.

“வாய மூடிகினு ஓட்றா,” என்றாள் அக்கா.

கல்யாணமான புதிதில், ஆந்திரத்து நகரியில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் என் உள்ளங்கையில் விரலால் எழுதித்தான் எனக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். தெலுங்கில் மெய் இரட்டித்தால் இரண்டாவது எழுத்து முதலாவதின் காலடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது கண்ணை மூடச் சொன்னாள். என் கையை விரித்து மெதுவாக எழுதினாள். ஒரு வளைவு. இன்னொன்று. அதன் கீழே சின்னதாக ஒன்று.

“அம்மா,” என்றேன்.

“ஆங்,” என்றாள். மறுபடி எழுதினாள். அவள் பெயர். படித்தேன். கண்ணைத் திறந்தேன். முன்னால் போன லாரியின் பின்பக்கம் முழுக்க எழுத்துகள். ஒன்றோடொன்று சேரவில்லை. மறுபடி மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரும்வரை அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலத்துக்குள் மறுபடி படிக்க வந்துவிட்டது. மூளைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய் ஒன்று கொஞ்ச நேரம் அடைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். திரும்ப வருமா என்று மனைவி கேட்டாள். மாத்திரையை விடாமல் போடச் சொன்னார்.

அதே தேதியில், வீட்டைவிட்டுக் கிளம்புமுன் எழுதிய இன்னொரு வரியும் இருக்கிறது: ‘ஹங்கேரிய மொழியில் மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரே எழுத்தாவதும் உண்டு.’ எங்கே படித்தேன் என்று நினைவில்லை. படித்ததுதானா, அதற்குள்ளேயே தடுமாறத் தொடங்கிவிட்ட மூளை தானாகச் சேர்த்ததா, அதுவும் தெரியவில்லை. பார்த்துச் சொல்ல, பல நாட்டு எழுத்துகளைப் பற்றிய புத்தகம் ஒன்று அலமாரியில்தான் இருக்கிறது. எடுக்கக் கை போகவில்லை. ஆகவே அந்த வரி இன்றுவரை சரிபார்க்கப்படாதது.