கணக்கெடுப்பு நாளில் காணாமல் போன இட்லிக் கடை

வங்காளத்துப் பவானிபூரில் ஒரு வங்கியின் வாசலுக்கு எதிரே, நடைபாதையில் இட்லி விற்ற ஓர் அக்காவிடம் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அதற்கு முன்பு சூரத்தில் சாயப்பட்டறை, விசாகப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்த ஊரிலும் யாரும் என்னிடம் காகிதம் கேட்டதில்லை. அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவள் கணவர் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். சுமை விழுந்து முதுகு போய் வீட்டோடு கிடந்தார். குடும்பம் ஓடியது இட்லியில்.

அங்கே நான் முதலில் கற்ற வேலை, கடையை மறைப்பது. மாநகராட்சி வண்டி தெருமுனையில் திரும்பினால், ஆக்கிரமிப்பு என்று சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்பு தையற்கடையின் பின்கட்டுக்கு, கொப்பரையும் மாவு வாளியும் மருந்துக்கடை மாடிப்படிக்குக் கீழே, பலகைகள் மின்சாரப் பெட்டிக்குப் பின்னால். சாப்பிடுகிற குமாஸ்தாக்களும் பழகியவர்கள். தட்டோடு நகர்ந்து வங்கிப் படியில் நின்றுகொண்டு மென்றபடியே வேறு எங்கோ பார்ப்பார்கள். மூன்று நிமிடத்தில் ஈரத்தரை மட்டும் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் நடைபாதைக் கடைகளைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் தரப்போவதாகச் செய்தி வந்தது. கணக்கெடுக்க வரும்போது கடை அதன் இடத்தில் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஆளையும் கடையையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள். பட்டியலில் விட்டுப்போனால் இடமும் போனதுதான்.

"எம்பேரு அதுல ஏறிட்டுன்னா, பொறவு எவனும் நம்ம வாளியத் தூக்க முடியாதுலே" என்று அக்கா தினமும் சொல்வாள். அந்த வாரம் முழுக்க நல்ல சேலையாகவே கட்டி வந்தாள்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன் என்று போனாள். அவள் தலை மறைந்ததும் மாநகராட்சி வண்டி திரும்பியது. நான் யோசிக்கவே இல்லை. கைதான் யோசித்தது. அடுப்பு போனது, வாளி போனது, பலகை போனது. பக்கத்தில் டீ விற்ற வங்காளிப் பெரியவர், அண்ணன் என்கிற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடுபவர், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். சீக்கிரம் என்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகச் செய்தேன்.

வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் படிவங்கள், இன்னொருவர் கையில் அளவு டேப். தாதாவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எங்கள் ஈரத்தரையைப் பார்த்தார்கள், எதையோ எழுதினார்கள், நடந்தார்கள். வங்கிப் படியில் வாடிக்கையாளர் மாதிரி நின்றிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா ஜெராக்ஸோடு வந்தாள்.

"ஏலே, கட எங்க?"

"வண்டி வந்துச்சுக்கா."

"எந்த வண்டி?"

சொன்னேன்.

"கிறுக்குப்பயலே! படம் புடிக்க வந்தவனுக்கு வெறுந்தரையக் காட்டிட்டு நிக்கியே! இத்தன நாளா இதுக்குத்தானலே காத்துக் கெடக்கேன்!"

எரிகிற நெருப்பைத் தாதா தன் இந்தியில் இன்னும் ஊதிவிட்டார்: "தீதி, இவனைத் திட்டாதே. ரொம்ப நல்ல வேலைக்காரன். பக்கத்துல உக்காந்திருந்த எனக்கே, இங்க ஒரு கடை இருந்ததான்னு சந்தேகம் வந்துடுச்சு."

அடுத்த தெருவில் அவர்களைப் பிடித்தோம். படிவக்காரர் கோபப்படவில்லை. "தீதி, நாங்க கண்ணால பார்த்தோம். காலின்னு எழுதியாச்சு. நீங்க அங்கதான் கடை போடுறீங்கன்னு ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

அக்கா இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். எனக்கே அதுவரை தெரியாத ஒரு கட்டு. பறிமுதல் செய்த சாமான்களை அபராதம் கட்டி மீட்டபோதெல்லாம் கொடுத்த ரசீதுகள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே முத்திரை குத்திய எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டாள். ஒவ்வொன்றிலும் தெருப் பெயர், வங்கி வாசலுக்கு எதிரே என்று இடம், இட்லிக் கொப்பரை ஒன்று, வாளி இரண்டு. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி நான் படித்துக் காட்டினேன்.

"இத்தனை தடவையா பிடிச்சாங்க?" என்றார் அவர்.

"உங்க ஆளுகதான் பிடிச்சது. நம்பலேன்னா அவங்களையே கேளுங்க" என்றாள் அக்கா, என்னைவிட நல்ல வங்காள மொழியில்.

டேப் வைத்திருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். படிவக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தத் தெருவை முடித்துத் திரும்பும்போது கடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

ஓடினோம். கடையை மடக்கத்தான் எங்களுக்குப் பழக்கம். அவசரமாக விரித்ததே கிடையாது. தையற்காரர் அதற்குள் கதவைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார், உள்ளே எங்கள் அடுப்பு. தாதா தன் டீக் கெட்டிலை இறக்கி வைத்து, அடுப்பை எங்கள் பக்கம் தள்ளினார். டீக்கு நின்றவர்கள் முனகினார்கள். "அரை மணி நேரம் டீ இல்ல. இட்லி சாப்பிடுங்க" என்று அவர்களை அடக்கினார்.

வெறும் கொப்பரையோடு படம் எடுத்தால் போதும் என்றேன். அக்கா கேட்கவில்லை. "ஆவி வராத கொப்பரைய வச்சு நிக்க நான் என்ன பாத்திரக் கடையாலே வச்சிருக்கேன்?" அதனால் தண்ணீர் கொதிக்கும்வரை மூன்று பேரும் கொப்பரையையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்தோம். நான் தட்டில் துணியை விரித்து மாவை ஊற்றி உள்ளே வைத்தேன். அவர்கள் வந்துவிட்டார்கள். டேப்பை விரித்து அளந்தார்கள்: ஐந்தடிக்கு மூன்றடி. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். படிவக்காரர் கைப்பேசியைத் தூக்கிய நேரத்தில் அவள் கொப்பரை மூடியைத் திறந்து பார்த்தாள்.

"துணிய நனைக்காம விரிச்சிருக்கியேலே, மூதேவி!"

படம் எடுத்துவிட்டார். இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கெஞ்சினோம். தெளிவாக வந்திருக்கிறது என்றார். 'காலி' என்பதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கடைக்கு ஒரு எண் கொடுத்தார். பிறகு உதவியாளர் உண்டா என்று கேட்டார். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கான். ஆனா நெலையா நிக்கிற ஆளில்ல. பென்சில்ல எழுதிக்கிடுங்க."

அவரிடம் பேனாதான் இருந்தது.

மழைக்காலம் முடிந்து சான்றிதழ் வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன். வரிசையில் நின்று வாங்கி வந்ததும் நான்தான். படத்தில் கொப்பரையிலிருந்து ஆவி நன்றாக வருகிறது, அக்காவின் வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. யாரைத் திட்டுகிறாள் என்று அதில் போடவில்லை.