மதாமின் கால்விரலில் என் ரிப்பன்

அத்தை என் சடையிலிருந்து ரிப்பனை உருவினாள். ஏன் என்று நான் கேட்பதற்குள் கேமராவுக்கு முன்னால் போய்விட்டாள், யாரும் கூப்பிடாமலே.

கடற்கரைக்கு அடுத்த தெருவில், உப்புக்காற்றில் சுவர் உதிரும் ஒரு மஞ்சள் வீட்டில் வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடித்தார்கள். வேலைக்காரி வேஷத்துக்கு நெல்லித்தோப்பிலிருந்து என் அத்தை. மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தவள், மில் விழா நாடகங்களில் மூன்று முறை ராணியானவள். “மதாம், காப்பி ஆறிப்போவுது” என்பதுதான் அவளுடைய ஒரே வசனம். ஒரு வாரமாக அதைச் சுவரிடம், பூனையிடம், அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“ஆறட்டும் வுடு, நான் குடிச்சிக்கிறேன்” என்றார் அப்பா கடைசியில்.

மதாமாக, அதாவது அந்த வீட்டு வெள்ளைக்கார எஜமானியம்மாவாக, நடித்தவர் இங்கிலாந்து நாடக மேடையிலிருந்து வந்த நடிகை. நரைத்த தலை, நீலக் கண், நடையில் மட்டும் இருபது வயசு. படத்தில் அவர் பக்கவாதத்தில் பேச்சிழந்த கிழவி. சாவுக் காட்சி இன்றைக்கு, காப்பிக் காட்சி நாளைக்கு. இன்று செத்தவர் நாளை எப்படிக் காப்பி குடிப்பார் என்று கேட்டேன். “சினிமாடி” என்றாள் அத்தை, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டதுபோல.

கட்டிலில் வெள்ளைத் துணிக்குக் கீழே மதாம் கிடந்தார். அத்தை கதவோரம் சும்மா நிற்கவேண்டும், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன். துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் ஆளுக்கொரு திசை பார்த்து விரிந்து கிடந்தன. எங்கள் பக்கம் உயிர் போனதும் முதல் காரியம், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. கட்டாத காலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அத்தையால் முடியவில்லை. போய், என் சிவப்பு ரிப்பனால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

பிணத்துக்குக் கூச்சம். பிணம் சிரித்துவிட்டது.

டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்துக் கத்தினார். சென்னையிலிருந்து வந்த உதவி டைரக்டர் அதைத் தமிழில் சொன்னார். “என்னம்மா பண்ணிட்டீங்க? கிளம்பச் சொல்றாரு. நாளைக்கு வேற ஆளாம்.”

“கால் கட்டாம எப்டிய்யா போட்டு வெச்சிருப்பீங்க? அந்தம்மாவுக்கு யாருமே இல்லியா?” என்றாள் அத்தை. குரல் உடைந்தது. ஒரு வாரத்துக் காப்பி முழுவதும் அந்தக் குரலில் ஆறிப்போயிற்று.

கட்டிய காலோடு எழுந்து உட்கார்ந்த மதாம், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னார்கள். சிரிப்பு நின்றது.

பிறகு டைரக்டரிடம் பேசினார், வெகுநேரம். பத்தொன்பது வயதில், ஏதோ மழை ஊர் நாடகக் கொட்டகையில், தட்டேந்தி வந்து நிற்கும் வேலைக்காரியாகத்தான் அவர் ஆரம்பித்தாராம். இரண்டு வருஷம் ஒரு சொல் பேச விடவில்லையாம். ஒருநாள் மேடையில் செத்துக்கிடந்த ராஜாவின் போர்வை காற்றில் விலக, இவர் போய் இழுத்து மூடினாராம். மறுநாளே வேலை போயிற்று. அப்புறம் வேறு கொட்டகை, முதல் வசனம், ராணிகள், சினிமா.

“காலைக் கட்டலேன்னா நான் சாகமாட்டேன்னு சொல்றாங்க” என்றார் உதவி டைரக்டர், யாரையும் பார்க்காமல்.

ரிப்பனோடு மறுபடி எடுத்தார்கள். கூச்சத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு மதாம் செத்தார்.

மறுநாள் அத்தை தன் வசனத்தைச் சொன்னாள், ஒரே தடவையில். மதாம் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்ல, உதவி டைரக்டர் சிரித்தார். “இந்தப் படத்துல உனக்கு ஒரு வசனமாவது இருக்கு, எனக்கு அதுவும் இல்லேங்கறாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள், மதாமும்தான். அத்தை சிரிக்கவில்லை. கேமரா அணைந்த பிறகு, ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், “குடுத்து வெச்ச கெழவி, படுத்துக் கெடந்தே பேரு வாங்குது” என்றேன்.

அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்கென்று தெரியவில்லை. வலித்தது. அதைவிட, அந்த அம்மாள் என் ரிப்பனைத் திருப்பித் தராமல், நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது வலித்தது. அவ்வளவு பெரிய நடிகைக்கு என் ரிப்பன் எதற்கு?