இல்லை என்று சொல்லாத மெஷின்

புதுச்சத்திரம் வசந்தாமணிக்கு எல்லாம் வரும், ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. எண்பத்து நாலில் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து எண்பத்தெட்டில் லேபுக்கு வந்துவிட்டாள். வந்தும் என்ன, எல்லா டிபார்ட்மெண்ட் வினாத்தாள்களும் இன்னமும் அவள் மேசைக்கே வந்தன. “இருக்கட்டுங்க, வெச்சுட்டுப் போங்க” என்பாள். தங்கமான பிள்ளை என்று கல்லூரியே மெச்சும், விரல்தான் வீங்கும்.

கல்லூரி வாங்கவிருந்த புதுக் கம்ப்யூட்டர் மெஷின் வந்துசேர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருப்பானேன் என்று, பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தப் புது மெஷினைப் போல நடிக்கும் புரோகிராம் ஒன்றை வசந்தாமணி எழுதினாள். அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இது பொய் மெஷின் என்றே தெரியக் கூடாது. ஆனால் ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் சிஸ்டத்தின் கெர்னல், அதாவது மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் பகுதி, படுத்துவிடும். ஒன்பது நாளாக இதே கதை.

“வெள்ளிக்கிழமை இதைப் பாக்க காலேஜ் கமிட்டி வருதும்மா,” என்றார் லேப் தலைவர் பாலசுந்தரம். “அன்னிக்கு ஓடலீன்னா உன்னைய மறுபடி டைப்பிங் செக்ஷனுக்கே அனுப்பிருவாங்க.”

வசந்தாமணிக்கு அழுகை முட்டியது. அழுதால் கெர்னல் எழுந்துவிடுமா என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கெர்னல் ஓர் எழுத்தை அச்சடிக்கும்படி மாற்றினாள். ஏ, பி, சி என்று வந்து, எஃப்போடு நின்றது. எஃப் என்றால் மெமரி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து முடித்த இடம். அளந்த பிறகு ஏன் விழுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை எதிர்வீட்டுப் பாப்பாயி கிண்ணத்தோடு வந்தாள். “உறைமோர் இருக்குதா சாமி?”

“இருக்குதுங்கக்கா, உக்காருங்க.” வசந்தாமணி சட்டியைத் திறந்தால், கழுவிக் கவிழ்த்ததுபோல் காலி.

பாப்பாயி சிரித்துவிட்டாள். “உனக்கு இதே பொழப்பு. இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடு சாமி, நான் வேற ஊட்டுல வாங்கிக்குவேன். நீ இருக்குதுன்னா நம்பி நிக்கறனல்லோ.”

கெர்னலும் இப்படித்தானே நம்பி நிற்கிறது என்று தோன்ற, வசந்தாமணி வாங்கிய கிண்ணத்தைத் திரும்ப அவள் கையில் திணித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

கெர்னல் மெமரியை அளப்பதும் கேட்டுக் கேட்டுத்தான். இந்த இடம் இருக்கிறதா, அதற்கு மேல் இருக்கிறதா என்று தொட்டுக்கொண்டே போகும். நிஜ மெஷின் ஒரு கட்டத்தில் மறுக்கும். கெர்னலும் அதோடு நிறுத்திக்கொள்ளும். இவள் எழுதிய மெஷினோ கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது. அதை நம்பிக் கெர்னல் தன் சாமான்களை இல்லாத உச்சியில் கொண்டுபோய் வைத்தது. திரும்ப எடுக்கப் போனால் அங்கே ஒன்றுமில்லை. விழாமல் என்ன செய்யும்? தன் புத்தியையே புரோகிராமாக எழுதி வைத்திருக்கிறோம் என்று வசந்தாமணிக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

எல்லை தாண்டிக் கேட்டால் இல்லை என்று மறுக்க நாலே வரி சேர்த்தாள். எழுத்துகள் எஃப்பைத் தாண்டி ஓடின. சிஸ்டம் எழுந்து நின்று, யார் நீ என்று அவள் பெயரைக் கேட்டது.

வெள்ளிக்கிழமை கமிட்டி பார்த்தது, திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போனது. லேப் வேலை நிலைத்தது. அன்று மாலையே மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் செங்கோட்டையன் சார் வினாத்தாள் கட்டோடு வந்தார்.

“வழக்கம்போலத்தாம்மா. திங்கக்கெழமைக்கு வேணும்.”

வசந்தாமணி கட்டை அவர் பக்கமே நகர்த்தினாள். “இல்லீங்க சார். இனி நான் அடிக்கறதில்லீங்க. டைப்பிங் செக்ஷன்ல குடுத்துருங்க.”

“சரிம்மா,” என்று அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருஷமாகப் பயந்தது இந்த ஒரு ‘சரிம்மா’வுக்கா என்று வசந்தாமணி வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.